தாத்தா விளைத்த மல்லாட்டை பேரனுக்கு ஏன் ஆகவில்லை?

நாட்டுக்கு நாடு மாறும் கொட்டை ஒவ்வாமை

திண்டிவனம் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் மணிலா சாகுபடி செய்யும் விவசாயி ஒருவரிடமிருந்து, கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது.

'ஐயா, வணக்கம். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் நிலத்தில் மல்லாட்டைதான். மூத்த மகன் ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் வேலை பார்க்கிறான். பேரன் அங்கேயே பிறந்தவன், நாலு வயது. பொங்கலுக்கு வந்திருந்தார்கள். அப்போது மார்கழிப் பட்டத்துக்கு விதைப்பருப்பு உடைத்துக்கொண்டிருந்தோம். ஆசையாக ஒரு பருப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். மருமகப் பொண்ணு ஓடி வந்து தட்டிவிட்டது. அது வாயில் போனால் மூச்சு அடைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமாம். ஏற்கெனவே ஒரு தடவை அப்படி ஆகியிருக்கிறதாம். எங்கள் ஊரில் மல்லாட்டை தின்று யாருக்கும் இப்படி வந்து நான் பார்த்ததில்லை. நாம் போடும் உரமா, அடிக்கும் மருந்தா, ரகத்தில் கோளாறா? இங்கே இளைய மகனுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. அதற்குக் கன்னத்தில் கரப்பான் வந்து வந்து போகிறது. அதற்கு மல்லாட்டை கொடுக்கலாமா, கூடாதா? வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.'

நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கடிதம் இல்லை. கடலை விளைக்கிற, முந்திரி உடைக்கிற, மரச்செக்கு வைத்திருக்கிற எல்லாக் குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

ரகத்திலும் இல்லை, மருந்திலும் இல்லை

நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். விதை முளைக்கும்போது குருத்துக்குச் சாப்பாடாக இருக்கட்டும் என்று செடி சேர்த்துவைக்கும் சேமிப்புப் புரதம்தான் அதில் பெரும்பகுதி. ஒவ்வாமை உள்ளவரின் உடம்பு இந்தப் புரதங்களில் சிலவற்றை நோய்க்கிருமியைப் போல எதிரியாக நினைத்துக்கொள்கிறது. அதை எதிர்க்க 'ஐ.ஜி.இ.' என்ற எதிர்ப்பொருளைத் தயார் செய்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கடலை உள்ளே போனதும், சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு சண்டைக்குக் கிளம்பிவிடும். காணாக்கடி போலத் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இழுப்பு, தலைசுற்றல் என்று வரும். சிலருக்கு ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

டி.எம்.வி.7 போட்டாலும், வி.ஆர்.ஐ.2 போட்டாலும், அமெரிக்காவில் விளையும் பெரும்பருப்பு ரகமாக இருந்தாலும் இந்தப் புரதங்கள் இருக்கவே செய்யும். இயற்கை முறையில் விளைத்த கடலையிலும் இருக்கும். ஆகவே பேரனுக்கு ஆகாமல் போனதற்குத் தாத்தாவின் உரமும் காரணமில்லை, ரகமும் காரணமில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடலையைக் கொட்டை என்று சொன்னாலும், அது துவரை, உளுந்து போலப் பயறுக் குடும்பத்துச் செடி. முந்திரி, பாதாம், பிஸ்தா, வால்நட், ஹேசல்நட் ஆகியவை மரக்கொட்டைகள். கடலை ஒத்துக்கொள்ளாதவர்களில் எல்லோருக்கும் மரக்கொட்டை ஒத்துக்கொள்ளாது என்பதில்லை. சிலருக்கு இரண்டும் ஆகாது. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம் என்பதால், ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாமல் போவது வழக்கம்.

ஊருக்கு ஊர் வேறு கணக்கு

மெல்போர்னில் ஒரு வயதுக் குழந்தைகளை மருத்துவமனையில் வைத்து, கடலையைச் சிறிது சிறிதாகக் கொடுத்துச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் நூற்றுக்குச் சுமார் 3 குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை இருந்தது. நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், எல்லா உணவுகளையும் சேர்த்தே 0.14 சதவிகிதம் பேருக்குத்தான் ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. அதாவது பத்தாயிரத்துக்கு 14 பேர். வயதும் ஆய்வு முறையும் வேறு என்பதால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. நம் ஊர்களில் ஒவ்வாமை வந்தாலும் 'ஏதோ விஷக்கடி' என்று விட்டுவிடுவதும் உண்டு. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் பெரியதுதான்.

எந்தக் கொட்டை ஆகவில்லை என்பதும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஆஸ்திரேலியாவில் கடலைக்கு அடுத்தபடியாக முந்திரி பெரிய தொல்லை. ஐரோப்பாவில் ஹேசல்நட். அங்கே பிர்ச் என்ற மரம் வசந்த காலத்தில் மகரந்தத்தைக் காற்றில் கொட்டும். அந்த மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஹேசல்நட் தின்றால் வாய் அரிக்கும். காரணம், இரண்டிலும் ஒரே சாயலுள்ள புரதம் இருக்கிறது. பிர்ச் மரம் இல்லாத நாட்டில் இந்த வகை ஒவ்வாமைக்கு வழியில்லை. ஜப்பானில் வால்நட் ஒவ்வாமை கூடிக்கொண்டே வந்ததால், உணவுப் பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய பொருட்களின் பட்டியலில் 2023-ல் வால்நட்டையும் சேர்த்தார்கள். இஸ்ரேலில் கடலையைவிட எள் பெரிய பிரச்னை.

கடலை பிறந்த இடம் தென் அமெரிக்கா. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. மணிலா என்ற பெயரே பிலிப்பைன்ஸ் வழியாக நம்மிடம் வந்ததைச் சொல்கிறது என்பார்கள். ஒரே பயிர்தான் எல்லா நாட்டுக்கும் போனது. அப்படியிருக்க, ஒரு நாட்டில் தின்பண்டமாகவும் இன்னொரு நாட்டில் உயிருக்கு ஆபத்தாகவும் ஆனது எப்படி?

லண்டன் பிள்ளையும் இஸ்ரேல் பிள்ளையும்

இந்தக் கேள்விக்கு முக்கியமான விடை லண்டன் குழந்தை மருத்துவர் கிதியோன் லாக் குழுவினரிடமிருந்து வந்தது. இஸ்ரேலில் ஒவ்வாமை மருத்துவர்கள் கூடிய கூட்டத்தில், 'சமீபத்தில் கடலை ஒவ்வாமையைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்' என்று அவர் கேட்டார். இரண்டு மூன்று கைகள்தான் உயர்ந்தன. லண்டனில் கேட்டிருந்தால் கூடமே கை தூக்கியிருக்கும்.

லண்டனில் வாழும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரிட்டனில் 1.85 சதவிகிதம், இஸ்ரேலில் 0.17 சதவிகிதம். வம்சம் ஒன்று, ஆனால் பத்து மடங்கு வித்தியாசம். வளர்ப்பில் என்ன வேறுபாடு என்று தேடியபோது கண்ணில் பட்டது, 'பம்பா' என்ற தின்பண்டம். சோளமாவில் கடலை விழுது சேர்த்துச் செய்யும் பொரி போன்ற பண்டம் அது. வாயில் வைத்தால் கரையும். இஸ்ரேலியக் குழந்தைகள் பால் பல் முளைக்கிற வயதிலேயே அதைச் சப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். அதே வயதில் லண்டன் குழந்தைகளுக்குக் கடலை கண்ணில்கூடக் காட்டப்படவில்லை.

காட்டாததற்குக் காரணமும் இருந்தது. ஒவ்வாமைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை கடலை கொடுக்காதீர்கள் என்று பிரிட்டனில் 1998-லும், அமெரிக்காவில் 2000-லும் ஆலோசனை சொல்லப்பட்டது. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் ஒவ்வாமை குறையவில்லை.

சந்தேகம் தீர, லாக் குழுவினர் 640 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். 4 முதல் 11 மாத வயது. எல்லோருக்கும் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ ஏற்கெனவே இருந்தது. ஒரு பாதிக்குக் கடலை அறவே கிடையாது. மறு பாதிக்கு வாரம் மூன்று தடவையாவது கடலை உணவு. ஐந்து வயதில் சோதித்தபோது, தவிர்த்தவர்களில் 17.2 சதவிகிதம் பேருக்குக் கடலை ஒவ்வாமை. சாப்பிட்டவர்களில் 3.2 சதவிகிதம். 2015-ல் இந்த முடிவு வெளியானதும் பழைய ஆலோசனை தலைகீழாக மாறியது. இப்போது ஆஸ்திரேலியா, அமெரிக்கா எல்லாமே முதல் வயதுக்குள் கடலையைப் பழக்குங்கள் என்கின்றன.

தோல் வழி ஒன்று, வாய் வழி ஒன்று

வாய் வழியாகக் குடலுக்குப் போகும் உணவை உடம்பு 'நம்ம ஆள்' என்று பழகிக்கொள்கிறது. அதே புரதம் வெடித்த, புண்ணான தோல் வழியாக முதலில் நுழைந்தால் 'எதிரி' என்று குறித்துவைத்துக்கொள்கிறது. கடலை எண்ணெய் கலந்த களிம்பைக் கரப்பான் மேல் பூசப்பட்ட குழந்தைகளுக்குப் பிற்பாடு கடலை ஒவ்வாமை அதிகம் வந்ததை, 2003-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வு காட்டியது. வீட்டில் எல்லோரும் கடலை தின்கிறார்கள், கையிலும் பாயிலும் கடலைத்தூள், குழந்தையின் தோலில் கரப்பான், வாய்க்கு மட்டும் கடலை கிடையாது என்றால், தோல்தான் முந்திக்கொள்ளும்.

நம் பெரியவர்கள் கடலையைக் 'கரப்பான் பண்டம்' என்று ஒதுக்குவதுண்டு. கரப்பானுக்கும் உணவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர்கள் கவனித்தது சரிதான். ஆனால் வருடக்கணக்கில் ஒதுக்கிவைப்பது தீர்வாகாது என்பதைத்தான் அந்த 640 குழந்தைகளின் கணக்கு சொல்கிறது.

வேகவைத்ததும் வறுத்ததும்

சீனாவிலும் கடலை தாராளமாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஒவ்வாமை குறைவு. அங்கே வேகவைத்தும் எண்ணெயில் பொரித்தும் சாப்பிடுவது அதிகம். அமெரிக்காவில் எண்ணெய் இல்லாமல் அதிகச் சூட்டில் வறுத்து, அரைத்து விழுதாக்குகிறார்கள். வறுக்கும் சூட்டில் புரதம் சர்க்கரையோடு சேர்ந்து இறுகி, ஒவ்வாமையைத் தூண்டும் வீரியம் கூடுகிறது. வேகவைத்தால் புரதத்தில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடுகிறது. அறுவடை நேரத்தில் பச்சை மல்லாட்டையை உப்புப் போட்டு அவித்துத் தின்கிற பழக்கம் நம்முடையதும்தான். ஆனால் நாமும் வறுத்துத் தின்கிறோம். ஆகவே சமையல் முறை ஒரு காரணமே தவிர, முழுக் காரணம் இல்லை.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், கடலை ஆகாத 70 பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் முதலில் நீண்ட நேரம் வேகவைத்த கடலை, பிறகு குறைவாக வேகவைத்தது, கடைசியில் வறுத்தது என்று மாதக்கணக்கில் மிகச் சிறிய அளவில் கூட்டிக்கொண்டே போனார்கள். அவர்களில் 56 பேருக்குக் குறிப்பிட்ட அளவு கடலையைத் தாங்கும் சக்தி வந்தது. இது மருத்துவர் கண்காணிப்பில் நடந்த சிகிச்சை. வீட்டில் யாரும் செய்து பார்க்கவே கூடாது.

ஊர் மாறினால் உடம்பும் மாறுமா?

மெல்போர்ன் பேரனுக்கு நேராகப் பொருந்துகிற தகவல் ஒன்று உண்டு. ஆசியாவில் பிறந்து பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய பிள்ளைகளுக்குக் கொட்டை ஒவ்வாமை குறைவு. ஆசியப் பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு அது அதிகம். ரத்தம் ஒன்றுதான், பிறந்து வளர்ந்த மண் வேறு. உணவு, வெயில், வீட்டுச் சூழல், சிறு வயதில் பழகும் நுண்ணுயிர்கள் என்று பல காரணங்களை ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். எது எத்தனை பங்கு என்று இன்னும் முடிவாகவில்லை.

ஆப்பிரிக்காவில் கானா நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, பலருடைய ரத்தத்தில் கடலைக்கான எதிர்ப்பொருள் இருந்தது. ஆனால் கடலை தின்றால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒட்டுண்ணிப் புழுத் தொற்றால் உண்டாகும் எதிர்ப்பொருள் கடலையோடும் ஒட்டிக்கொள்வதே காரணம் என்று தெரிந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு 'கடலை அலர்ஜி' என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

ஏழு மாதக் குழந்தைக்கு என்ன செய்வது?

முதலில் கரப்பானைக் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் குணப்படுத்த வேண்டும். கரப்பான் கடுமையாக இருந்தாலோ, முட்டையோ பாலோ ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாமல் இருந்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் கடலை தொடங்கக் கூடாது. லேசான கரப்பான்தான், தொடங்கலாம் என்று அவர் சொன்னால் இப்படிச் செய்யலாம்:

* குழந்தை நன்றாக இருக்கும் நாளில், பகல் நேரத்தில் தொடங்க வேண்டும். காய்ச்சல், சளி இருக்கும் நாளில் வேண்டாம்.
* பருப்பை வறுத்துத் தோல் நீக்கி, மைய அரைத்து, வெந்நீரிலோ கஞ்சியிலோ கரைத்து, முதலில் ஸ்பூன் நுனியளவு மட்டும் கொடுக்க வேண்டும்.
* இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.
* ஒத்துக்கொண்டால் நிறுத்தக் கூடாது. அந்த ஆய்வில் கொடுத்தது வாரத்துக்குச் சுமார் 25 கிராம் பருப்பு, மூன்று தடவையாக. சத்துமாவில் கடலை சேர்க்கும் வீடுகளில் இது தானாகவே நடந்துவிடும்.
* ஐந்து வயது வரை முழுப் பருப்போ உடைத்த பருப்போ கையில் கொடுக்கக் கூடாது. புரை ஏறி மூச்சுக்குழாயில் சிக்கும். நம் ஊரில் ஒவ்வாமையைவிட இந்த ஆபத்துதான் அதிகம்.
* கடலை உடைத்த கையோடு, கரப்பான் உள்ள குழந்தையைத் தூக்காமல், கை கழுவிவிட்டுத் தூக்க வேண்டும்.

முகம் வீங்கி, இழுப்பு வந்தால் அல்லது குழந்தை துவண்டால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்திப் பிடிக்கலாம். மூச்சுத் திணறினால் உட்காரவைத்துக்கொள்ளலாம். நடக்கவிடக் கூடாது. இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரையை நம்பி நேரத்தை வீணாக்கக் கூடாது.

விற்கிறவர்கள் கவனத்துக்கு

கடலை மிட்டாய், எள்ளுருண்டை, சத்துமாவு, முந்திரி பிஸ்கட் என்று மதிப்புக்கூட்டி விற்கும் உழவர் குழுக்கள், பொட்டலத்தில் கடலை, மரக்கொட்டை, பால், சோயா, கோதுமை போன்றவை இருந்தால் அதைத் தெளிவாக அச்சிட வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் வருட லேபிள் விதிகளில் இது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 பொருட்கள். அதில் எள்ளும் கடுகும்கூட உண்டு. அமெரிக்கா 2023 ஜனவரி முதல் எள்ளைச் சேர்த்திருக்கிறது. ஒரே செக்கில் கடலையும் எள்ளும் தேங்காயும் மாற்றி மாற்றி ஆட்டினால், தேங்காய் எண்ணெய் பாட்டிலில் அதைச் சொல்லிவிடுவதே நேர்மை. மெல்போர்னில் இருக்கிற பேரனைப் போல ஒருவன் நம் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

கேள்வி: கடலை எண்ணெய் கடலை ஆகாதவர்களுக்கு ஆகுமா?
பதில்: ஆலையில் முழுக்கச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. செக்கு எண்ணெயில் புரதம் தங்கும். ஒவ்வாமை உறுதியானவர்கள் செக்குக் கடலை எண்ணெயைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: அஃப்ளடாக்சினும் அலர்ஜியும் ஒன்றா?
பதில்: இல்லை. அஃப்ளடாக்சின் என்பது சரியாகக் காயாத கடலையில் வளரும் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு. அது எல்லோருக்கும் கெடுதல், குறிப்பாகக் கல்லீரலுக்கு. நன்றாகக் காயவைத்து, பூஞ்சணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிந்தால் தடுக்கலாம். ஒவ்வாமை, நல்ல பருப்பிலும் வரும். ஒரு சிலருக்கு மட்டும் வரும்.

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்தால் கை வெந்துபோகிறதே, அது முந்திரி அலர்ஜியா?
பதில்: அது ஓட்டிலுள்ள எண்ணெய் தோலில் பட்டு வருகிற புண். சேங்கொட்டைப் பால், மாங்காய்ப் பால் பட்டால் வருவதும் இதே வகை. முந்திரி, மா, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். பருப்பைத் தின்று மூச்சு அடைப்பது வேறு. கையுறை போட்டு உடைத்தால் புண்ணைத் தவிர்க்கலாம்.

கடிதம் எழுதிய விவசாயிக்குக் கடைசியாக ஒன்று. மருமகள் தட்டிவிட்டதைத் தப்பாக நினைக்க வேண்டாம். ஒரு முறை பிள்ளைக்கு மூச்சு அடைத்ததைப் பார்த்த தாய் அப்படித்தான் செய்வாள். அடுத்த பொங்கலுக்குப் பேரன் வரும்போது, விதைப்பருப்பு உடைக்கிற வேலையை வேறு இடத்துக்கு மாற்றி, திண்ணையைக் கழுவிவிட்டு, கரும்பு ஒன்றை வெட்டி அவன் கையில் கொடுங்கள். இங்கே இருக்கிற கைக்குழந்தைக்கு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, உங்கள் நிலத்து மல்லாட்டையை ஸ்பூன் நுனியிலிருந்து பழக்குங்கள்.